பழைய பிஎம்டபிள்யூ எம்5 (இ60) வாங்கலாமா? எல்லாரும் கேக்கற கேள்விகளும் என் பதில்களும்

வாட்ஸ்அப்ல யாராவது ஒரு விளம்பரத்தோட படத்தை அனுப்பி "அண்ணா, இது எப்படி?"ன்னு கேக்கறது வாரம் ஒரு தடவையாவது நடக்குது. நான் இங்க இங்கிலாந்துல ஆறு வருஷமா ஒரு 2006 மாடல் எம்5 ஓட்டிட்டு இருக்கேன், சில நாள் தள்ளிட்டும் இருந்திருக்கேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல போட்டுடறேன். நான் மெக்கானிக் இல்ல, பில் கட்டினவன்.

மொதல்ல, எந்த வண்டியப் பத்தி பேசறோம்?

2005ல இருந்து 2010 வரைக்கும் வந்த எம்5, அதாவது பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் காரோட வேகமான வகை. இ60ங்கறது அந்தத் தலைமுறைக்கு கம்பெனி வச்ச கோடு. உள்ள இருக்கறது எஸ்85ன்னு ஒரு வி10 இன்ஜின், 4,999 சிசி, 7,750 ஆர்பிஎம்ல 507 குதிரை, 8,250 வரைக்கும் முறுக்கலாம். டர்போ கிடையாது, பத்து சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில். பிஎம்டபிள்யூ அப்ப ஃபார்முலா ஒன்ல வி10 ஓட்டிட்டு இருந்தாங்க, ரோட்டு காருக்கும் ஒரு வி10 போடுவோம்னு போட்டாங்க. கார் வந்த சூட்டோட 2006ல ஃபார்முலா ஒன்னே வி8க்கு மாறிடுச்சு, அது வேற கதை. இதுக்கு அடுத்த எஃப்10 எம்5 டர்போ வி8, அதனால இந்த மாதிரி இன்னொன்னு வரவே இல்ல. ஜனங்க இதுக்குப் பின்னாடி சுத்தறதுக்குக் காரணமே அதுதான்.

15,000 பவுண்டு பக்கத்துல 500 குதிரையா? எங்கயோ இடிக்குதே?

இடிக்கணும், இடிச்சா நீங்க தெளிவா இருக்கீங்கன்னு அர்த்தம். புதுசுல 60,000 பவுண்டுக்கு மேல வித்த வண்டி இது. வண்டி விலை இறங்கிடுச்சு ஆனா பார்ட்ஸ் விலை இறங்கல, அது இன்னும் 60,000 பவுண்டு வண்டியோட பார்ட்ஸாவே இருக்கு. 11,000க்கு ஒண்ணும் 19,000க்கு ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல நிக்குதுன்னா பெரும்பாலும் நடுவுல இருக்கற 8,000 பவுண்டு வேலைய ஒண்ணுல யாரோ ஏற்கனவே செஞ்சிருப்பாங்க, இன்னொண்ணுல அது உங்களுக்காக காத்துட்டு இருக்கும். அதனால என் வழக்கம் என்னன்னா வண்டிய பாக்கறதுக்கு முன்னாடி பில் ஃபைல படம் எடுத்து அனுப்பச் சொல்லுவேன். அனுப்ப மாட்டேன், நேர்ல வாங்கன்னு சொன்னா நான் போறதில்ல, பெட்ரோல் மிச்சம்.

ராட் பேரிங், ராட் பேரிங்னு எல்லாரும் பயமுறுத்தறாங்களே, அப்படி என்னதான் அது?

பிஸ்டன்ல இருந்து வர்ற கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்ட்ட பிடிச்சிருக்கற இடத்துல ரெண்டு அரைவட்ட ஓடு இருக்கும், மெல்லிசா. பத்து ராடுக்கு இருபது ஓடு. இரும்பும் இரும்பும் உரசாம நடுவுல ஆயில் ஒரு படலம் மாதிரி நிக்கணும், அந்தப் படலத்துக்கு எவ்வளவு இடைவெளி விட்டிருக்காங்கங்கறதுலதான் சண்டையே. இந்த இன்ஜின்ல அந்த இடைவெளி ரொம்ப இறுக்கம்னு நிறைய பேர் அளந்து பாத்து சொல்றாங்க, அதுக்கு மேல பிஎம்டபிள்யூ போடச் சொன்ன ஆயிலோ 10டபிள்யூ-60, அதாவது குளிர்ல நல்லா தடிச்ச ஆயில், காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே அந்த இறுக்கமான சந்துக்குள்ள அது ஓடிப் போய்ச் சேர நேரம் ஆகும். அந்த நேரத்துல ஒருத்தன் ஆக்சிலரேட்டர மிதிச்சா ஓடு தேயும். இன்னொரு கோஷ்டி இடைவெளி எல்லாம் சரி, ஓட்டறவனோட கால்தான் தப்புன்னு சொல்லும். எனக்கு ரெண்டும் உண்மைன்னு படுது. 8,250 ஆர்பிஎம்ல பிஸ்டன் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல மேலயும் கீழயும் ஓடுது, அந்த அடி மொத்தமும் விழறது இந்த ஓட்டு மேலதான்.

இதுல மோசமான விஷயம், தேயும்போது சத்தம் வராது. சத்தம் வருதுன்னா கதை ஏற்கனவே முடியற கட்டத்துல இருக்கு. சரியான நேரத்துல மாத்தினா ஒரு நல்ல ஸ்பெஷலிஸ்ட்கிட்ட 2,000 பவுண்டுல ஆரம்பிக்கும், ஏன்னா ஆயில் சட்டிய கழட்டணும்னா இன்ஜின மேல தூக்கிப் பிடிச்சுட்டு அதுக்குக் கீழ இருக்கற முன்பக்க சட்டத்தையே (சப்ஃப்ரேம்) இறக்கணும். மாத்தாம விட்டு ஓடு சுத்திடுச்சுன்னா கிராங்க் போச்சு, சில சமயம் ராடு பிளாக்க ஓட்டை போட்டுட்டு வெளிய வந்து எட்டிப் பாக்கும், அப்புறம் வேற இன்ஜின்தான், அந்தப் பில்லு வண்டி விலையவே தொட்டுடும். எத்தன மைல்ல மாத்தணும்னு கேட்டா, நான் 60,000 - 70,000 மைல்னு வச்சுக்கறேன். அது என் கணக்கு, கம்பெனி சொன்ன கணக்கு இல்ல, கம்பெனி இத மாத்தற பொருளாவே சொல்லல.

விக்கிறவர் "பேரிங் மாத்தியாச்சு"ன்னு சொல்றாரு. நம்பலாமா?

பில்ல பாருங்க. பில்ல எழுத்துக்கு எழுத்து படிங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் மான்செஸ்டர் பக்கம் ஒரு வண்டி பாக்கப் போனான், விக்கிறவர் பேரிங் எல்லாம் ஆச்சுன்னு அடிச்சு சொன்னாரு, பில்லும் காட்டினாரு, அதுல பேரிங்னு நிஜமாவே போட்டிருந்துச்சு. பாத்தா பின்பக்க வீல் பேரிங். அந்த மனுஷன் பொய் சொன்னாரான்னு கூட எனக்குத் தெரியல, அவருக்கே வித்தியாசம் தெரியாம இருந்திருக்கலாம். ராட் பேரிங் பில்லுன்னா ஓடு மட்டும் இருக்காது, ராடு போல்ட்டும் புதுசா இருக்கணும் (பழசத் திரும்பப் போடக் கூடாது), ஆயில் சட்டி கேஸ்கெட் இருக்கணும், லேபர் மணி நேரம் ரெட்டை இலக்கத்துல இருக்கணும், அன்னைக்கு மைலேஜ் எவ்வளவுன்னு எழுதியிருக்கணும். நல்ல கடைக்காரங்க கழட்டின பழைய ஓட்ட வரிசையா வச்சு ஃபோட்டோ எடுத்துக் குடுப்பாங்க. அந்த ஃபோட்டோ இருந்தா தாராளமா 500 பவுண்டு அதிகம் குடுக்கலாம். அந்தப் பழைய ஓட்டைப் பாத்தாலே முன்னாடி ஓட்டினவன் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சுரும்.

மைலேஜ் கம்மியா இருக்கற வண்டிதானே நல்லது?

நானும் அப்படித்தான் நெனச்சேன். வருஷத்துக்கு 800 மைல் ஓடின வண்டின்னா என்ன அர்த்தம்? ஞாயித்துக்கிழமை எடுத்து தெரு முனை வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்திருக்கு, ஆயில் ஒரு தடவை கூட முழுசா சூடாகியிருக்காது, பேட்டரி செத்து செத்து பொழச்சிருக்கும், ரப்பர் எல்லாம் காஞ்சிருக்கும், மைல் ஓடலைங்கற சாக்குல ஆயிலும் மாத்தியிருக்க மாட்டாங்க. அதுக்கு 95,000 மைல் மோட்டார்வேல ஓடி தலகாணி மொத்தத்துக்கு பில் இருக்கற வண்டி எவ்வளவோ மேல். என்னோடது 88,000ல வாங்கினது. அதுக்காக பில்லே இல்லாத 95,000 வாங்கிடாதீங்க, அது ரெண்டு பக்கத்துலயும் நஷ்டம்.

சர்வீஸ் புக்ல இன்னொண்ணு பாக்கணும், 1,200 மைல்ல பண்ண வேண்டிய முதல் சர்வீஸ். புது வண்டியோட பழக்க காலம் முடிஞ்சதும் இன்ஜின் ஆயிலும் டிஃப் (பின் சக்கரத்துக்கு நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல்) ஆயிலும் மாத்தற சர்வீஸ் அது. அந்த முத்திரை இல்லைன்னா முதல் ஓனரே அலட்சியம்னு அர்த்தம்.

போய் நின்ன உடனே மொத வேலை என்ன?

பானெட்ட தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கணும். நீங்க வர்றீங்கன்னு ஏற்கனவே ஓட்டி சூடு பண்ணி வச்சிருந்தா ஏதோ ஒண்ண மறைக்கறாருன்னு வச்சுக்கோங்க (ஃபோன்லயே "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடணும்). குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா முதல் கொஞ்ச நேரம் கரகரன்னு டீசல் மாதிரி ஒரு சத்தம், ஐடிலிங்ல கொஞ்சம் ஆட்டம், இதெல்லாம் இந்த வி10க்கு சகஜம். நீல புகை தொடர்ந்து வந்தா சகஜம் இல்ல. அப்புறம் சூடான பிறகு 1,500ல இருந்து 2,500க்குள்ள லேசா மிதிச்சு விட்டுக் கேளுங்க, அடி ஆழத்துல இருந்து டக்கு டக்குன்னு வந்தா வணக்கம் சொல்லிட்டு பஸ் பிடிங்க.

டாக்கோமீட்டர்ல ஒரு அழகான விஷயம் இருக்கு. ஆயில் சூடாக சூடாக எச்சரிக்கை பட்டை மேல மேல நகரும், குளிர்ல கீழ இறங்கி நிக்கும், அதுக்கு மேல முறுக்காதேன்னு வண்டியே சொல்லுது. டெஸ்ட் டிரைவுக்கு மொதல்ல ஓனர ஓட்டச் சொல்லிட்டு நீங்க பக்கத்துல உக்காருங்க. அந்தப் பட்டைய மதிச்சு ஓட்டறாரா இல்ல உங்களுக்கு வேடிக்கை காட்ட கேட் தாண்டின உடனேயே மிதிக்கறாரான்னு பாருங்க. நான் ஒரு வண்டிய அப்படியே வேண்டாம்னு விட்டேன், வண்டில ஒரு குறையும் இல்ல, ஓனரோட வலது கால்தான் குறை.

இன்னொண்ணு, ஸ்டார்ட் பண்ணின உடனே இது 400 குதிரைலதான் இருக்கும், பவர் பட்டன அமுக்கினாதான் 500. அது தெரியாம "என்னங்க மந்தமா இருக்கு"ன்னு சொன்னவங்க இருக்காங்க. முழு டார்க் (இழுவிசை) வேற 6,100 ஆர்பிஎம்லதான் வருது, கீழ்ல டர்போ டீசல் மாதிரி தள்ளும்னு எதிர்பாக்காதீங்க.

காந்தம் வச்சு பட்டி பாத்திருக்கான்னு பாக்கலாமா?

எங்க பெரியப்பா கோயம்புத்தூர்ல பழைய அம்பாசடர் பாக்கப் போனா சட்டைப் பையில காந்தம் இல்லாம போக மாட்டாரு. இங்க அத பின்பக்கம் மட்டும் வச்சுப் பாருங்க, முன்பக்கம் வச்சா ஒட்டவே ஒட்டாது, முழு வண்டியும் பட்டின்னு பயந்துருவீங்க. இ60ல பானெட், ரெண்டு முன் ஃபெண்டர், அதுக்கு உள்ள இருக்கற முன்பக்க சட்டம் மொத்தமும் அலுமினியம், எடை குறைக்கறதுக்காக அப்படிப் பண்ணியிருக்காங்க. பின்னாடி இருக்கற இரும்போட அத ரிவெட் அடிச்சு பசை போட்டு ஒட்டியிருக்காங்க. இதுதான் ஆக்சிடென்ட் ஆன வண்டிய கண்டுபிடிக்கவும் வழி. சாதா டிங்கரிங் கடைல இத சரியா பண்ண முடியாது, சரியா பண்ணினா செலவு எகிறும். பானெட்ட தூக்கி சஸ்பென்ஷன் டவர் பக்கம் டார்ச் அடிங்க, ரிவெட் இருக்க வேண்டிய இடத்துல வெல்டிங் கோடோ, ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் சீலர் நிறம் வேறயாவோ இருந்தா அந்த வண்டி எதையோ முட்டியிருக்கு.

எஸ்எம்ஜி கியர்பாக்ஸ் மோசமாமே?

மோசம் இல்ல, கோவக்காரன். ஏழு கியர், உள்ள மேனுவல் கியர்பாக்ஸ்தான், ஆனா கிளட்ச் பெடல் இல்ல, கிளட்ச்ச ஹைட்ராலிக் பம்ப் மிதிக்குது. அமெரிக்கால கனடால ஆறு கியர் மேனுவல் குடுத்தாங்க, நம்ம வலது ஸ்டீயரிங் ஆளுங்களுக்கு அந்த பாக்கியம் இல்ல. ஆட்டோமேட்டிக்னு நெனச்சு டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினா, ஏத்தத்துல பிரேக் பிடிக்காம ஆக்சிலரேட்டர்லயே நிறுத்தி வச்சா, கிளட்ச் கருகும். கிளட்ச்சும் ஃப்ளைவீலும் சேத்து மாத்தினா இன்னொரு 2,000 பவுண்டு சுலபமா போகும்.

கதவ திறக்கும்போது "ர்ர்ர்"னு பம்ப் ஓடற சத்தம் சில நொடி கேக்கும், அது நல்லது, பிரஷர் ஏத்துது. ஓடிட்டே இருந்தாலோ, டிரைவ் பண்ணும்போது நிமிஷத்துக்கு நாலு தடவ ஓடினாலோ எங்கயோ பிரஷர் இறங்குது. எனக்கு லண்டனச் சுத்திப் போற எம்25 மோட்டார்வேல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பம்ப் போச்சு, வண்டி ஒரு கியர்ல மாட்டிட்டு நியூட்ரலுக்குக் கூட வரல, இழுத்துட்டுப் போக வந்தவர் என்ன விட பாவமா இருந்தாரு. டெஸ்ட் டிரைவ்ல ஏத்தமான இடத்துல ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க, கருகற வாடை வருதான்னு பாருங்க. அப்புறம் 'பி' எங்கன்னு தேடாதீங்க, பார்க்கிங் கியரே கிடையாது, கியர்ல விட்டுட்டு அணைக்கணும்.

வேற என்ன போகும்?

த்ராட்டில் ஆக்சுவேட்டர் ரெண்டு இருக்கு, பக்கத்துக்கு ஒண்ணு. உள்ள இருக்கற பிளாஸ்டிக் பல்சக்கரம் தேஞ்சா வார்னிங் லைட் போட்டுட்டு வண்டி நடக்க ஆரம்பிச்சுரும். ரிப்பேர் பண்ணித் தர்றவங்க இருக்காங்க, புதுசு வாங்கறத விட ரொம்ப கம்மி. வேனோஸ் கொஞ்சம் பெரிய விஷயம், வால்வு டைமிங்க மாத்தறதுக்கு தனியா ஹை பிரஷர் பம்ப் ஒண்ணும் அதுக்கு ஒரு ஆயில் லைனும் இருக்கு, அந்த லைன் கசிஞ்சாலோ பம்ப் போனாலோ ராட் பேரிங்குக்கு அடுத்தபடியா பர்ஸ் காலியாகறது அங்கதான். முன்பக்க டிஸ்க் 374 மில்லிமீட்டர், ஓரத்துல விரல வச்சுப் பாருங்க, விளிம்பு தூக்கிட்டு இருந்தா அத விலைல கழிங்க. எலக்ட்ரானிக் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) கசியுதான்னு பாருங்க. பின் டயர் 285, நாலும் ஒரே நல்ல பிராண்டா இருந்தா ஓனர் வண்டிக்கு செலவு பண்ற ஆளு, பேர் தெரியாத டயர் நாலும் நாலு விதமா இருந்தா ஆயிலும் அப்படித்தான் போட்டிருப்பாரு. பேட்டரி டிக்கில இருக்கு, அது வீக்கா இருந்தா சம்பந்தமே இல்லாத பிழை எல்லாம் காட்டும், எஸ்எம்ஜி போச்சுன்னு கூட சொல்லும். ஆயில் குடிக்கறது குறை இல்ல, ஆயிரம் ரெண்டாயிரம் மைலுக்கு ஒரு லிட்டர் குடிக்கும், அதனால டிக்கில ஒரு லிட்டர் கேன் இருந்தா ஓனர் நல்லவர்.

பேப்பர் எப்படி பாக்கறது?

வண்டி நம்பர் இருந்தா போதும், எம்ஓடி (இங்க வருஷா வருஷம் பண்ற வண்டி தகுதிச் சோதனை) ஹிஸ்டரிய அரசாங்க தளத்துல இலவசமா பாக்கலாம். பாஸா ஃபெயிலான்னு மட்டும் பாக்காதீங்க, ஒவ்வொரு வருஷமும் எழுதின மைலேஜ வரிசையா பாருங்க, நடுவுல குறைஞ்சிருந்தா அங்கயே முடிஞ்சுது. அட்வைசரின்னு (பாஸ் ஆனாலும் கவனிக்கச் சொல்ற குறை) கீழ எழுதியிருப்பாங்க, ஒரே ஆயில் கசிவு மூணு வருஷமா தொடர்ந்து வந்தா யாரும் தொடலன்னு அர்த்தம். லோன் பாக்கி இருக்கா, ஆக்சிடென்ட்ல இன்சூரன்ஸ் கம்பெனி தேறாதுன்னு எழுதித் தள்ளின வண்டியான்னு காசு குடுத்து ஒரு செக் போடுங்க, 20 பவுண்டுக்கு பாத்தா 15,000 போகும். வி5சி பேப்பர்ல (நம்ம ஊர் ஆர்சி புக் மாதிரி) பேர் இருக்கறவர்தான் ஓனர்னு நெனச்சுடாதீங்க, அது வண்டிய வச்சிருக்கறவர் பேரு அவ்வளவுதான், அந்தப் பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருக்கு.

ரோடு டாக்ஸ்? லண்டன் யூலெஸ்?

இது நிறைய பேருக்கு தெரியாது. இந்த வண்டி கிலோமீட்டருக்கு 357 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுது, அதனால டாக்ஸ் உச்சிலதான் இருக்கணும். ஆனா 2006 மார்ச் 23க்கு முன்னாடி ரெஜிஸ்டர் ஆன வண்டிக்கு அதுக்கும் கீழ இருக்கற கே பேண்டோட (டாக்ஸ் படி) நிறுத்திட்டாங்க, அதுக்கு அப்புறம் வந்தது எல்லாம் உச்சில இருக்கற எம் பேண்ட். வருஷத்துக்கு 300 பவுண்டுக்கு மேல வித்தியாசம், ஒரே வண்டிக்கு! என்னோடது பிப்ரவரி 2006, அந்த ஒரு மாசத்துக்காகவே தேடி வாங்கினேன். ஆனா 2007 மார்ச்ல முகம் மாத்தி வந்த ஃபேஸ்லிஃப்ட் மாடல் வேணும்னா இந்த சலுகை கிடைக்காது. யூலெஸ், அதாவது புகை அதிகமா விடற வண்டிக்கு லண்டன்ல வாங்கற தினக் கட்டணம், பிரச்சனை இல்ல, பெட்ரோல்ல யூரோ 4 (புகை அளவு தரம்) போதும், இது யூரோ 4. பக்கத்து வீட்டுக்காரரோட 2013 டீசல் கட்டணம் கட்டுது, என்னோட வி10 கட்டல, அவருக்கு அது இன்னும் ஜீரணம் ஆகல.

பெட்ரோல்?

70 லிட்டர் டேங்க். கம்பெனி கணக்கு 100 கிலோமீட்டருக்கு 14.8 லிட்டர், ஊருக்குள்ள 20ஐ தாண்டும். சூப்பர் (உயர் ஆக்டேன்) பெட்ரோல் மட்டும் போடுங்க. இதுக்கு மேல கேட்டா இந்த வண்டி உங்களுக்கு இல்ல தம்பி.

ஆர்எஸ்6, இ63 பாக்கலாமா அதுக்கு பதிலா?

ஆடி ஆர்எஸ்6லயும் அந்தக் காலத்துல வி10தான், ரெண்டு டர்போவோட 580 குதிரை, ஆனா இன்ஜின் ரூம்ல விரல் நுழைய இடம் இல்ல, சின்ன வேலைக்கும் லேபர் கொல்லும். மெர்சிடிஸ் இ63 6.2 லிட்டர் வி8, தினசரி ஓட்ட அதுதான் சுகம், ஆட்டோமேட்டிக்கும் நிஜ ஆட்டோமேட்டிக். அதுலயும் ஆரம்ப இன்ஜின்ல ஹெட் போல்ட் தகராறு உண்டு. தொல்லை குடுக்காம சும்மா இருக்கற வண்டி இந்த மூணுல ஒண்ணு கூட இல்ல.

ஊருக்கு கொண்டு போகலாமா அண்ணா? சென்னைல ஓட்டினா எப்படி இருக்கும்!

மூணு வருஷத்துக்கு மேல பழைய காரை இந்தியாவுக்குள்ள இறக்குமதி பண்ண விடமாட்டாங்க, இது 2010லயே நின்னு போன மாடல். விட்டாலும் ட்யூட்டி வண்டி விலைய தாண்டும். அதோட ஓஎம்ஆர் டிராஃபிக்ல எஸ்எம்ஜி கிளட்ச், நான் யோசிக்கக் கூட விரும்பல.

வாங்கிட்டேன். முதல் வாரம் என்ன பண்ண?

எப்ப மாத்தினாங்கன்னு பில் சொன்னாலும் ஆயில மாத்துங்க, மாத்தும்போது நடுவுல வர்ற ஆயில்ல ஒரு சின்ன பாட்டில் பிடிச்சு லேபுக்கு அனுப்புங்க, 30 - 40 பவுண்டு ஆகும். ஈயம், செம்பு, தகரம் எவ்வளவு இருக்குன்னு எண்ணோட வரும், ஓடு தேயுதான்னு வெளிய கழட்டாம ஓரளவு தெரிஞ்சுக்க அதுதான் வழி. ஒரு தடவை ரிசல்ட்ட வச்சு முடிவு பண்ணாதீங்க, அடுத்த ஆயில் மாத்தும்போதும் அனுப்பி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சர்வீஸ் கம்ப்யூட்டர் 15,000 மைல் கிட்ட சொல்லும், நான் 6,000ல மாத்திடறேன். முதல் ரிசல்ட் கைக்கு வர்ற வரைக்கும் 4,000 ஆர்பிஎம்ம தாண்டாதீங்க, கஷ்டம்தான், நானும் ஒன்பது நாள் அப்படித்தான் ஓட்டினேன்.